கதவு சாத்தாத இரவு: மூவாரின் கிறிஸ்துமஸும் துப்பறியும் கதைகளும்

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பாக்கெட் நாவலுக்கு ஒரு தனி மணம் உண்டு. செய்தித்தாள் வகைத் தாளும், மலிவான அச்சு மையும், பல கைகள் மாறியதால் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த அந்த மணம், மூவார் ஆறு மலாக்கா நீரிணையில் சேரும் இடத்தில் அமைந்த மூவார் நகரிலும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்த தமிழர்களுக்கு டிசம்பர் மாதத்தை அப்படியே மீட்டுத் தருகிறது. பாக்கெட் நாவல் என்பது தமிழ்நாட்டில் மாதந்தோறும் அச்சாகி, ஒரே இதழில் ஒரு முழு நாவலையும் சில ரூபாய்க்குத் தந்த சிறு வெளியீடாகும்; 1969-இல் ராணிமுத்து தொடங்கிவைத்த அந்த வழக்கம், பின்னர் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் முதலிய பெயர்களில் பெருகி, கடல் கடந்து மலேசியக் கடைகளின் கயிற்றிலும் வந்து தொங்கியது.

அந்த மணம் டிசம்பரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. அக்காலத்தில் மலேசியப் பள்ளியாண்டு சனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்ததால், டிசம்பர் முழுவதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தனர். அதே மாதத்தில் வடகிழக்குப் பருவமழை, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கொட்டுமளவு கொட்டாவிட்டாலும், மூவார் அமைந்த ஜொகூர் மாநிலத்தின் தாழ்நிலங்களை நாட்கணக்கில் நனைத்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் மழைக்கு இன்னொரு பொருளும் இருந்தது. பட்டை நனைந்திருக்கும்போது ரப்பர் மரத்தைச் சீவினால் பால் கோட்டுவழி இறங்காமல் மரத்தண்டு முழுவதும் பரவி வழிந்துவிடும். மங்கு எனப்படும் பால் கோப்பையில் இறங்கியதும் மழைநீர் கலந்து கெட்டுவிடும். ஆகவே விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. லனட்ரோன் போன்ற தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில், வேலைக்காட்டுக்குப் போக முடியாத பெரியவர்களும் பள்ளியில்லாத சிறியவர்களும் ஒரே கூரையின்கீழ் அடைபட்ட அந்த நாட்களில்தான் பாக்கெட் நாவல்கள் கைமாறின. கூலி போன கவலையும் கொலையாளி யார் என்ற ஆவலும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் ஒரே மூச்சில் சொல்கின்றனர்.

நாவல்கள் வந்து சேர்ந்த வழியும் நினைவில் நிற்கிறது. சென்னையில் அச்சான இதழ்கள் கப்பலேறி வந்து சேரப் பல வாரங்கள் ஆனமையால், தீபாவளிக்கென வெளியான சிறப்பிதழ் மூவாரில் கிறிஸ்துமஸை ஒட்டிக் கிடைப்பதும் உண்டு. கடைவீடுகளின் முன்புறத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க விடப்பட்ட ஐந்தடி நடைபாதையில், சாம்பிராணி, சந்தனம், ஊறுகாய்ப் புட்டிகளுக்கு இடையே, துணிக்கவ்வி மாட்டிய கயிற்றில் அவை தொங்கின. வாங்கிப் படிக்க வசதியில்லாதவர்கள் சில காசுகளுக்கு வாடகைக்கு எடுத்தனர். ஒருவர் எடுத்தது ஒரு லயத்துக்கே போதுமானதாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையைச் சுற்றிப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அமர்ந்து கேட்பதும், கொலை நடக்கும் பக்கம் வந்தவுடன் சின்னஞ்சிறுவர்களை அடுப்படிக்கு அனுப்பிவிடுவதும், அனுப்பப்பட்டவர்கள் தட்டி ஓரம் காதை வைத்து நிற்பதும் அன்றாடக் காட்சிகள். மர்மக் கதையைத் தனிமையில் மௌனமாகப் படிக்கும் பழக்கம் நகரத்துக்குரியது. தோட்டத்தில் அது பலர் கூடி அஞ்சிய கதை.

அந்தக் கதைகளுக்குப் பின்னால் நெடியதொரு மரபு இருந்தது. பண்டித நடேச சாஸ்திரி 1894-இல் வெளியிட்ட, தானவன் என்னும் போலீஸ் நிபுணனின் கதைகளில் தமிழ்த் துப்பறியும் எழுத்து தொடங்குகிறது. அதன்பின் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் மேனாட்டுக் கதைகளின் எலும்புக்கூட்டுக்குத் தமிழ்நாட்டுச் சதை வைத்து எழுதினர். மூவாரின் திண்ணைகளில் அதிகம் வாழ்ந்தவர் தமிழ்வாணனின் சங்கர்லால். தேநீரை விரும்பிக் குடிக்கும் துப்பறிபவர், இந்திரா என்னும் மனைவி, கத்தரிக்காய் என்னும் பணியாள், மாது என்னும் உதவியாளர் ஆகியோர் கொண்ட அந்தக் குடும்பம், உலகின் எந்த நகரத்துக்கும் விமானமேறிப் போகக் கூடியதாக இருந்ததே தோட்டத்துப் பிள்ளைகளைப் பெரிதும் ஈர்த்தது. பத்துக் கல் தொலைவிலுள்ள பட்டணத்துக்குப் போவதே பயணமாக இருந்த வாழ்வில், ஒரு தமிழர் டோக்கியோவில் இறங்கிக் குற்றவாளியைப் பிடிப்பது அவர்களுக்குச் சிறிய செய்தியல்ல. சுஜாதாவின் கணேஷும் வசந்த்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் பின்னர் வந்து அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

டிசம்பரின் மற்றொரு பாதி கிறிஸ்துமஸுக்குரியது. மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களுள் இந்துக்களோடு கத்தோலிக்கரும் இருந்தனர். மூவாரில் அவர்களுக்குரிய கோயிலாகப் புனித அந்திரேயா தேவாலயம் விளங்கியது. மாதத் தொடக்கத்திலேயே லயத்து வாசல்களில் மூங்கில் சிம்பால் கட்டி வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரங்கள் ஏறின. வீட்டு மூலையில் வைக்கோலும் சாம்பல் பூசிய தாளும் கொண்டு, குழந்தை இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் காட்டும் குடில் எழுந்தது. மாவில் தோய்த்த இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கிச் சுட்டெடுக்கும் அச்சுமுறுக்கின் மணம், இந்துக்களின் வீடுகளில் தீபாவளிக்கு எழுந்ததும் கிறிஸ்தவர் வீடுகளில் இப்போது எழுந்ததும் ஒன்றே. தீபாவளிக்குக் கடன் வாங்கிப் போன அச்சு கிறிஸ்துமஸுக்கு உரிய வீட்டுக்குத் திரும்பி வரும். இதே நாட்களில் மார்கழியும் பிறந்திருப்பதால், கிறிஸ்தவர்களின் பாடற்குழு லாரியில் வந்து இரவில் வீடு வீடாகப் பாடிச் சென்ற லயத்தில், விடியலுக்கு முன் மாரியம்மன் கோயிலின் பசனைக் குழு தாளத்தோடு நடந்து வந்தது. இரண்டு குழுக்களுக்கும் சூடான வரக்காப்பி கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே வீட்டினர்தாம்.

கிறிஸ்துமஸ் இரவைப் பற்றிய நினைவுகளுள் ஒன்று இங்கே விரித்துரைக்கத் தக்கது. நடுநிசிப் பூசைக்குத் தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் போகும் லாரிக்காகக் காத்திருக்கும்போது, அண்டை வீட்டு இந்துப் பிள்ளைகளும் கூடவே புறப்படுவது வழக்கம். காத்திருக்கும் நேரத்தில் ஒருவன் அரிக்கன் விளக்கின்கீழ் சங்கர்லாலைப் படிக்க, அரைவட்டமாக அமர்ந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். வெளியே புகைக்கூடத்தில், அதாவது ரப்பர்த் தாள்களைப் புகையில் உலர்த்தும் கட்டடத்தில், தணல் மட்டும் தெரிந்தது. இருட்டுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் எழுந்துபோய் முன்கதவைச் சாத்தியபோது, அந்த வீட்டுப் பாட்டி உள்ளிருந்து, "இன்னைக்கு மட்டும் கதவச் சாத்தக் கூடாதுய்யா, யாரு வந்தாலும் வரட்டும்" என்று சொல்லித் தாமே வந்து அதைத் திறந்து வைத்தார். இடமின்றி அலைந்த மரியாளுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் கதவு திறக்கவில்லை என்னும் விவிலியச் செய்தியை அவர் அவ்வாறு கடைப்பிடித்தார். சிறுவனுக்கோ கதையில் வரும் கொலைகாரன் அந்தத் திறந்த கதவு வழியாக வந்துவிடுவான் என்ற அச்சம். இருவரும் ஒரே கதவைப் பற்றித்தான் பேசினர்.

கிறிஸ்துமஸ் காலத்தில் நிகழும் இருண்ட துப்பறியும் கதை என்னும் வகை ஆங்கிலத்தில் ஏன் அத்தனை வலுவாக வேரூன்றியது என்ற வினாவுக்கு அந்தக் கதவே விடை தருகிறது. ஆர்தர் கானன் டாயில் 1892 சனவரியில் ஸ்ட்ராண்ட் இதழில் வெளியிட்ட நீல மாணிக்கத்தின் கதையில், கிறிஸ்துமஸ் வாத்தின் இரைப்பையில் திருட்டுக் கல் அகப்படுகிறது. திருடனைக் கண்டுபிடித்த ஷெர்லக் ஹோம்ஸ், மன்னிப்பின் காலம் இது என்று கருதி அவனைப் போகவிடுகிறார். ஜி. கே. செஸ்டர்டனின் அருட்தந்தை பிரவுன் கதைகளுள் ஒன்றும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு செல்வர் வீட்டுக் கூத்துக்கு நடுவே நடக்கும் வைரத் திருட்டைச் சொல்கிறது. இவை இரண்டிலும் இரத்தம் இல்லை. இரத்தத்தைக் கொண்டுவந்தவர் அகதா கிறிஸ்டி. அவருடைய கதைகளில் கொலைகள் மிக நாகரிகமாகிவிட்டன, இரத்தம் பெருகும் கொலை ஒன்று வேண்டும் என்று மைத்துனர் ஒருவர் குறைப்பட்டதற்கு விடையாக, 1938 டிசம்பரில் வெளியான ஹெர்கியூல் புவாரோவின் கிறிஸ்துமஸ் நாவலை அவர் எழுதி, அதை அந்த மைத்துனருக்கே படைத்தார். பிரிந்து கிடந்த பிள்ளைகளையும் மருமக்களையும் பண்டிகைக்கு அழைக்கும் கொடுங்கோல் தந்தை ஒருவர், உட்புறம் பூட்டிய அறையில் கொலையுண்டு கிடக்கிறார். பகைத்தவர்கள் ஓராண்டு முழுவதும் விலகியிருக்கலாம். கிறிஸ்துமஸ் அன்று ஒரே மேசையில் அமர்ந்தே ஆகவேண்டும் என்பதே அந்த நாவலின் இயந்திரம்.

மூவாருக்கு இக்கதைகள் புத்தகமாக வந்ததைவிட வாய்மொழியாகவே அதிகம் வந்தன. 1904-இல் தொடங்கிய மூவார் உயர்நிலைப்பள்ளி போன்ற ஆங்கிலமொழிப் பள்ளிகளில் பயின்ற மூத்தவர்கள், 1970-இலிருந்து படிப்படியாக அப்பள்ளிகள் மலாய்மொழிக்கு மாறும் வரையில், கிறிஸ்டியையும் டாயிலையும் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டு, தமிழ்ப்பள்ளியில் பயின்ற தம்பி தங்கையருக்குத் தமிழில் சொன்னார்கள். சொல்லும்போது கதை மாறியது. பனி விழுந்து வழி அடைபட்ட மாளிகை, மழையில் பாதை மூழ்கிய துரை பங்களாவாயிற்று. அதாவது தோட்ட நிர்வாகி குடியிருந்த குன்றின்மேல் வீடாயிற்று. பனியில் பதிந்த காலடித் தடம் செம்மண் சேற்றில் பதிந்தது. கணப்படுப்பு என்பது இன்னதென்று விளங்காமல் புகைக்கூடமாகவே நின்றுவிட்டது. இப்படி மாற்றிச் சொன்னவர்கள் அறியாமலே நல்ல தழுவல் எழுத்தாளர்களாக இருந்தனர். ஆரணியாரும் வடுவூராரும் செய்ததை அவர்கள் திண்ணையில் செய்தனர். பனி கதைக்கு வெறும் ஒப்பனை என்பதும், வெளியேற வழியில்லாத ஒரு வீடும் மறுக்க முடியாத ஒரு விருந்தும் இருந்தால் கதை எந்த நாட்டிலும் நடக்கும் என்பதும் கேட்டவர்களுக்கு அப்போதே விளங்கிவிட்டன.

மூவாரின் இருட்டு கற்பனையில் மட்டும் இருந்ததன்று. 1942 சனவரியில் சப்பானியப் படை இந்த ஆற்றைக் கடந்தபோது, இங்கே நிறுத்தப்பட்டிருந்த 45-ஆவது இந்தியப் படைப்பிரிவு சிதறுண்டது. 1950 பிப்ரவரி 23-இல் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையத்தைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் விடியலுக்கு முன் சூழ்ந்து தாக்கித் தீக்கிரையாக்கினர். அவசரகாலம் எனப்பட்ட 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் தோட்டத்துக் கதவுகள் ஊரடங்கால் சாத்தப்பட்டன. இரவில் கதவு தட்டப்படுவதென்றால் உயிர் நடுங்கியவர்கள், பிற்காலத்தில் அதே திண்ணைகளில் பேரப்பிள்ளைகள் படிக்கக் கேட்டு உட்கார்ந்திருந்த முதியவர்கள். அவர்கள் அறிந்த போலீஸ் துப்பாக்கியோடு கூட்டமாக வந்தது. சங்கர்லால் தனியாக வந்தார், தேநீர் கேட்டார், கேள்வி கேட்டார், காரணம் சொன்னார். இறந்தவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்னும் எண்ணமே அந்த முதியவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் இந்த ஆறுதலைக் கணக்கில் எடுப்பதில்லை.

இத்தனை இருந்தும், அன்றைய பாக்கெட் நாவல்களில் கிறிஸ்துமஸ் இரவைக் களமாகக் கொண்ட கதை மூவார் வாசகர்களின் நினைவில் ஒன்றுகூடத் தங்கவில்லை. தமிழ் இதழ் உலகின் பெரிய பண்டிகை தீபாவளியாக இருந்தமையும், மர்ம நாவல்களில் கிறிஸ்தவப் பாத்திரங்கள் பெரும்பாலும் பக்கத்தில் வந்துபோனவர்களாக இருந்தமையும் அதற்குக் காரணங்களாகலாம். அந்தக் குறை நீங்குவதற்கு 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. ஸ்ரீராம் ராகவன் இயக்கத்தில், தமிழிலும் இந்தியிலுமாகத் தனித்தனியே படமாக்கப்பட்ட மெர்ரி கிறிஸ்துமஸ், டிசம்பரைத் தவறவிட்டு, அவ்வாண்டு சனவரி 12 அன்று பொங்கல் வாரத்தில் வெளிவந்தது. பிரெடெரிக் டார் 1961-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலை அடியொற்றிய அப்படம், பழைய பம்பாயின் கிறிஸ்துமஸ் முன்னிரவில், நெடுநாள் கழித்து வீடு திரும்பும் ஆல்பர்ட்டும், பேச்சற்ற சிறுமியோடு உணவகத்தில் அமர்ந்திருக்கும் மரியாவும் சந்திப்பதில் தொடங்குகிறது; விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் அப்பாத்திரங்களை ஏற்றிருக்க, தமிழ் வடிவத்தில் காவல் அதிகாரியாக ராதிகா சரத்குமார் வருகிறார். அழைக்கப்பட்டு வீட்டுக்குள் வரும் அந்நியன் அங்கே ஒரு பிணத்தைக் காண்கிறான். படத்தின் ஆழமான இருட்டு அந்தப் பிணத்தில் இல்லை. நடுநிசிப் பூசையில் மயங்கி விழும் பெண்ணைத் தூக்கிவிட்டு வீடுவரை கொண்டுபோய் விடும் இரக்கமே ஒருவரைச் சிக்கவைக்கும் கண்ணியாகிறது என்பதில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்த பாட்டியின் நம்பிக்கையையும், அதைச் சாத்த ஓடிய சிறுவனின் அச்சத்தையும் ஒருசேர மதிக்கும் படம் இது என்று சொல்வது மிகையாகாது. மூவாரில் வளர்ந்து இன்று அறுபதைத் தொட்டவர்கள் பலர் அதைப் பின்னர் வீட்டுத் திரையில் பார்த்தபோது, பனியற்ற கிறிஸ்துமஸில் ஒரு தமிழ்க் குரல் பொய் சொல்லத் தயங்குவதைக் கேட்டனர்; திண்ணையில் சொல்லப்பட்ட தழுவல்கள் சரியான திசையிலேயே சென்றன என்பது அப்போது உறுதிப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் பழக்கங்கள் பெரிதும் மாறிவிட்டன. 1967-இல் சுல்தான் இஸ்மாயில் பாலம் திறக்கப்படும்வரை ஆற்றைக் கடக்க மிதவைப் படகுக்கு வரிசையில் நின்றதைப் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள், இன்று அந்தப் பாலத்து நெரிசலைப் பேசுகின்றனர். ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்து, லயத்துக் குடும்பங்கள் நகரத்துத் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிவிட்டன. காலையிலேயே சத்தே, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி, கிடைக்கும் ஊர் என்ற பெயரை மூவார் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. கயிற்றில் நாவல் தொங்கும் கடைதான் இல்லை. கொரோனாவுக்குப் பின் பள்ளியாண்டின் தொடக்கம் மார்ச்சுக்குத் தள்ளிப்போன ஆண்டுகளில், நீண்ட விடுமுறையும் டிசம்பரை விட்டு விலகியது. எவரும் அழைப்பின்றி வந்து உண்டு செல்லலாம் என்னும் திறந்த இல்ல உபசரிப்பு இன்றும் நடக்கிறது. ஆனால் நேரம் குறித்துக் கைப்பேசியில் செய்தி அனுப்பிய பின்னரே வாயிலின் தானியங்கிக் கதவு திறக்கிறது. வருபவர் முகத்தைக் கண்காணிப்புக் கருவி முதலில் பார்த்துவிடுகிறது. அச்சத்துக்கு இடம் கொடுக்காத அந்த ஏற்பாட்டில் விருந்துக்குரிய ஏதோ ஒன்றும் குறைந்துபோயிற்று என்று மூத்தவர்கள் உணர்வது நியாயமானதே.

மூவாரைக் களமாகக் கொண்ட கிறிஸ்துமஸ் மர்மக் கதை தமிழில் எழுதப்படுமானால், அதற்கு வேண்டிய எல்லாம் இம்மண்ணிலேயே கிடைக்கும். 2006 டிசம்பரின் பிற்பகுதியில் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் மூவார், சிகாமட், பத்து பகாட், கோத்தா திங்கி வட்டாரங்கள் மூழ்கிச் சாலைகள் துண்டிக்கப்பட, விடுமுறையால் வெறுமையாயிருந்த பள்ளி மண்டபங்களில் மக்கள் தங்கவைக்கப்பட்டனர். கிறிஸ்துமஸ் கடந்து சென்ற அந்த நாட்களில், ஒருவரையொருவர் தவிர்த்து வாழ்ந்த குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தன. வெளியேற வழியில்லை, வரும் எவரையும் தடுக்கக் கதவும் இல்லை. கிறிஸ்டி மாளிகையில் அமைத்த சூழலை மழை ஒரு தொடக்கப்பள்ளியில் அமைத்துக் காட்டிய அந்தக் களத்தில், தண்ணீர் வடியும் முன் கொலையாளியைக் கண்டாக வேண்டும் என்னும் கெடு கதைக்குத் தானே அமைந்துவிடுகிறது. துப்பறிபவர் சென்னையிலிருந்து விமானமேறி வர வேண்டியதில்லை. லயத்தில் பிறந்து, எல்லாக் குடும்பங்களின் பழைய பகையையும் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்து, நிவாரண மையத்தில் பெயர்ப்பதிவுப் புத்தகத்தோடு நிற்கும் உள்ளூர்ச் சார்ஜன் ஒருவரே போதும்.